270 பெரிதா, 6 பெரிதா?

சுட்டிகளே, ஒரு கணக்கு. சென்னை, பெங்களூரு விமான நிலையங்களுக்கு நடுவே வானில் நேர்கோடு போட்டால் சுமார் 270 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அப்படியானால் 20 நிமிடத்தில் போய்விடலாம் இல்லையா? ஆனால், கால அட்டவணையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று இருக்கும்!

ஏன் தெரியுமா? விமானம் முதலில் ஓடுபாதைக்கு மெதுவாக ஊர்ந்து போக வேண்டும். பிறகு மேலே ஏற வேண்டும். ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும். இறங்குவதற்கும் சில சமயம் வரிசை! முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான். தூரத்தை மட்டும் பார்த்து நேரத்தைச் சொல்ல முடியாது.

இந்த இரண்டு நகரங்களுக்கு நடுவே, சற்றே தெற்கில் இருக்கிறது ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலைத்தொடர் இது. சாமை விளையும் ஊர்கள். அங்கே போனால் கணக்கே வேறு.

மலையேறுபவர்களுக்கு ஒரு சூத்திரம் உண்டு. ஸ்காட்லாந்தின் நெய்ஸ்மித் 1892-ல் சொன்னது. 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம். 600 மீட்டர் உயரம் ஏறுவதற்கு இன்னொரு மணி நேரம். 600 மீட்டர் உயரத்துக்கு ஏறும் 6 கிலோமீட்டர் பாதை என்றால் 2 மணி 12 நிமிடம். அதற்குள் விமானம் பெங்களூரு போய்த் திரும்பிவிடும். இது கைவீசி நடப்பவரின் கணக்கு. நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்தால்?

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலையில், ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. விஷமுறிவு மருந்தைச் சீக்கிரம் போட்டால்தான் பலன். சரியான சாலை இல்லை. குழந்தை பிழைக்கவில்லை. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியிலேயே நின்றுவிட, தாய் குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு நடந்தார்.

இதே மாவட்டத்தில் அப்துல்லாபுரம் விமான நிலையம், சிறிய ஊர்களை இணைக்கும் 'உடான்' திட்டத்தில் சேர்க்கப்பட்டது. சென்னைக்கு நேர்கோட்டில் சுமார் 120 கிலோமீட்டர். விமானம் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால், எது முதலில் என்று கேட்டால், நான் மலைப்பாதையைத்தான் சொல்வேன்.

சாலை போட வேண்டியதுதானே என்கிறீர்களா? அது காடு. 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும். காட்டைக் காப்பாற்ற வந்த நல்ல சட்டம்தான். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஒரு சுருக்கு வழி தந்தது. கிராம சபை பரிந்துரைத்தால், சாலை, பள்ளி போன்ற ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலத்தைத் தரலாம். வெட்டும் மரங்கள் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக்கூடாது.

ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். 5 மீட்டர் அகலத்தில் சாலை போட்டால் எவ்வளவு நீளம் வரும்? வகுத்துப் பாருங்கள். 2 கிலோமீட்டர்! பாதை 6 கிலோமீட்டர் என்றால், மிச்சத்துக்கு மறுபடியும் அந்தப் பெரிய அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.