திகன வன்முறையைத் தேடினால் தமிழில் கிடைக்குமா? நமது செய்தித்தளங்களின் கவனிக்கப்படாத பலவீனம்

2018 மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டத்தின் தெல்தெனிய, திகன பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கி எரிக்கப்பட்டன. பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் சிகிச்சை பலனின்றி உயிரிழந்ததே உடனடிக் காரணமாகச் சொல்லப்பட்டது. மார்ச் 6ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் முகநூல், வட்ஸ்அப் உள்ளிட்ட சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. முகநூல் மீதான தடை 15ஆம் திகதிதான் நீங்கியது. தனது தளம் அந்த வன்முறைக்குப் பயன்படுத்தப்பட்டதற்காக 2020 மே மாதத்தில் முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கோரியது.

வெறுப்புப் பேச்சு பரவியது எப்படி என்று அதன் பின்னர் நிறையவே பேசப்பட்டது. உண்மைச் செய்தி ஏன் அதே வேகத்தில் மக்களிடம் போகவில்லை என்ற கேள்வி போதிய அளவு பேசப்படவில்லை. சமூக ஊடகங்கள் மூடப்படும்போது சாதாரண மனிதனுக்கு மிஞ்சுவது தேடுபொறி மட்டுமே. ஊர்ப் பெயரைத் தட்டுகிறான். முதலில் வருவதைப் படிக்கிறான். அங்கே நமது தளம் இல்லையென்றால், களத்துக்குப் போய் எழுதிய செய்தி எழுதப்படாத செய்திக்குச் சமம்.

கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வேறு

முதல் சிக்கல் எழுத்துருவில் தொடங்குகிறது. ஈழத்துத் தமிழ்த் தளங்கள் பல, 2000களின் நடுப்பகுதி வரையும் அதற்குப் பின்னரும், பாமினி போன்ற எழுத்துருக்களில் இயங்கின. பாமினியில் 'அம்மா' என்று தெரிவது உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளின் வரிசை. வாசகருக்கு அது தமிழ். தேடுபொறிக்கு அது பொருளற்ற எழுத்துக் குவியல். அந்தப் பக்கங்களை இன்று யூனிக்கோட்டில் 'அம்மா' என்று தேடினால் அவை சிக்கப்போவதில்லை.

போர்க்காலச் செய்திகளில் ஒரு பெரும் பகுதி இப்படித்தான் எழுதப்பட்டது. எந்தத் திகதியில் எந்தக் கிராமத்தில் எறிகணை விழுந்தது, எந்தச் சோதனைச்சாவடியில் யார் இறக்கப்பட்டார் என்ற விபரங்கள் அவற்றில் இருக்கின்றன. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் ஆணைக்குழு ஆணைக்குழுவாக ஏறி இறங்கும்போது கேட்கப்படுவதும் இதே விபரங்கள்தான்.

விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காக 1980களில் பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. நீர்மட்டம் இறங்கும் காலங்களில் அதன் இடிபாடுகளையாவது பார்க்க முடிகிறது. ஆவணக்காப்பகங்களில் பிரதி எடுக்கப்படாமல், கட்டணம் கட்டாததால் கைமாறிய ஒரு இணைய முகவரிக்குப் பின்னால் மறைந்த செய்திகள் அப்படித் தானாக மேலே வருவதில்லை.

பெயரும் முகவரியும்

அடுத்தது சொல். தெல்தெனிய, தெல்தெனியா, திகன, திகண, திகனை. ஒரே ஊரை ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறது. தேடுபொறி எல்லா வேளைகளிலும் இவற்றை ஒன்றாகக் கருதுவதில்லை. ஆசிரியபீடம் ஒரு எழுத்து முறையைத் தீர்மானித்து, மாற்று வடிவத்தைச் செய்தியின் உடலில் ஒருமுறையாவது தந்துவிடுவது நல்லது.

தலைப்பு இன்னும் மோசம். 'பதற்றம்! நடந்தது என்ன?' என்ற தலைப்பில் ஊர் இல்லை, சம்பவம் இல்லை. அன்றைக்கு நாலு பேர் சொடுக்குவார்கள். ஐந்து வருடம் கழித்துத் தேடும் வழக்கறிஞருக்கோ மாணவருக்கோ அது அகப்படாது. சம்பவம், இடம், திகதி மூன்றும் உள்ள தலைப்புக்கு வயது அதிகம்.

பக்கத்தின் முகவரியையும் பார்க்க வேண்டும். 'தெல்தெனிய' என்ற ஒரு சொல்லைத் தமிழிலேயே முகவரியில் வைத்தால், பகிரும்போது அது 81 குறியீடுகளாக விரியக்கூடும். குறுஞ்செய்தியில் பாதியில் உடைந்துபோகும். திகதியும் ஊர்ப் பெயரும் கொண்ட குறுகிய முகவரி போதும். தளத்தைப் புதிதாக வடிவமைக்கும்போது பழைய முகவரிகளைப் புதியவற்றுக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட மறந்தால், பல வருட உழைப்பு ஒரே நாளில் 'பக்கம் இல்லை' என்றாகிவிடும். பரிசோதனைக் காலத்தில் போட்ட 'தேடுபொறிகளைத் தவிர்' என்ற அமைப்பை நீக்காமலே தளத்தை வெளியிடுவதும் நடக்கிறது.

கைத்தொலைபேசியில் நின்று பாருங்கள்

கூகுள் இப்போது ஒரு தளத்தின் கைத்தொலைபேசி வடிவத்தையே முதன்மையாகக் கொண்டு பட்டியலிடுகிறது. பக்கத்தின் முக்கிய உள்ளடக்கம் 2.5 செக்கன்களுக்குள் தெரிய வேண்டும் என்பது அதன் அளவுகோல். மலைப்பாங்கான தும்பறைப் பகுதியில் பலவீனமான சமிக்ஞையில், டேட்டாவைக் கணக்குப் பார்த்துப் போடும் ஒருவர், முழுத் திரையை மறைக்கும் விளம்பரத்தை மூடப் போராடுவதற்குள் வெளியேறிவிடுவார். பாரமான படங்களைச் சுருக்குவதும், துள்ளும் விளம்பரங்களைக் குறைப்பதும் தரவரிசைக்காக மட்டும் செய்கிற வேலை அல்ல. அது வாசகருக்குக் காட்டும் மரியாதை.

அறிக்கைகளையும் பெயர்ப் பட்டியல்களையும் படமாகவே போட்டுவிடும் பழக்கமும் மாற வேண்டும். படத்துக்குள் இருக்கும் பெயர் பெரும்பாலும் தேடலில் சிக்குவதில்லை. தட்டெழுதிச் சேர்த்தால் பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பானுக்கும் அது உதவும்.

எல்லாமே தேடலில் வரத்தான் வேண்டுமா?

இல்லை. பாலியல் வன்முறைக்கு உள்ளானவர், சாட்சி சொன்னவர், முன்னாள் போராளி எனப் பலருக்குத் தேடலில் பெயர் வருவதே ஆபத்து. வேலைக்கான நேர்முகத்துக்கு முன்னரோ, திருமணப் பேச்சின்போதோ ஒருவரின் பெயரைத் தேடிப் பார்ப்பது இன்று வழமை. அத்தகைய பக்கங்களில் பெயரைத் தவிர்ப்பது முதல் கடமை. தேவையானால், பக்கத்தை வைத்துக்கொண்டே தேடுபொறியிலிருந்து விலக்கும் வசதியும் உண்டு. எதை வெளிச்சத்தில் வைப்பது, எதை மறைத்துக் காப்பது என்பது தொழில்நுட்பவியலாளர் தனியே எடுக்கும் முடிவு அல்ல. அது ஆசிரியபீடத்தின் பொறுப்பு.

நமது சிறிய செய்தி அறைகளிடம் பணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் மேற்சொன்னவற்றில் பலவற்றுக்குப் பணம் தேவையில்லை. பாமினியை யூனிக்கோட்டாக்கும் கருவிகளும், எந்தப் பக்கம் பட்டியலில் இல்லை என்று காட்டும் கூகுளின் சேர்ச் கொன்சோலும், பாதுகாப்பான இணைப்புக்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழும் இலவசம். 2005இலிருந்து இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம், தன்னார்வ உழைப்பால் என்ன செய்ய முடியும் என்பதற்குக் கண்முன் இருக்கும் சாட்சி.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. அதை எரித்தவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். இணையத்தில் நமது பதிவுகள் அழிவதற்கு யாரும் வரத் தேவையில்லை. நாம் கவனிக்காமல் விட்டாலே போதும்.