"தற்காலிகம்" என்ற சொல்லுக்கு எத்தனை வயது?



கொஞ்சம் நீளமான பதிவு. காப்பியை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனாலும் கணக்கு வாத்தியார் என்பதால் கணக்கோடு எழுதுகிறேன்.

ரயிலில் சாப்பாடு, போர்வை, டிக்கெட் விலை பற்றி நம் உறவினர் குழுவில் பேச்சு வந்தபோது ஒரு பிள்ளை எழுதியது: "கொரோனாவுக்கு அப்புறம் எல்லாமே இப்படித்தான் பெரியப்பா. அட்ஜஸ்ட் பண்ணிக்க வேண்டியதுதான்." எழுதிய பிள்ளை மேல் எனக்கு வருத்தமில்லை. இந்த வாக்கியத்தின் மேல்தான் சண்டை. இதைத்தான் இன்று எல்லோரும் சொல்கிறோம். சொல்லிச் சொல்லியே பறிகொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நோய் பரவுகிறது, அதனால் ஒரு வசதியை நிறுத்துகிறோம் என்றால் அது நியாயம். யாரும் மறுக்கவில்லை. காரணம் போன பிறகு அந்த வசதி திரும்ப வர வேண்டும். வராவிட்டால் அன்று சொன்ன காரணம் வெறும் சாக்கு ஆகிவிடும். ஆறாம் வகுப்பில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்: சமன்பாட்டில் ஒரு பக்கம் மாறினால் மறுபக்கமும் மாற வேண்டும்.

இது உலகம் முழுக்க நடந்த கதை. ஹில்டன் ஹோட்டல் குழுமம் 2021இல் அமெரிக்காவில் உள்ள தன் பெரும்பாலான ஹோட்டல்களில், விருந்தினர் கேட்டால்தான் தினமும் அறையைச் சுத்தம் செய்வோம் என்று அறிவித்தது. தொற்றுக்குப் பயந்து நிறுத்திய வேலை அப்படியே செலவுக் குறைப்பாக மாறியது. அறை வாடகை குறைந்ததா என்று அங்கே இருக்கிற நம் பிள்ளைகளைக் கேளுங்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26. மாவட்டம் பிறந்து நாலு மாதத்தில் ஊரடங்கு. நமக்கு ரயில் என்றால் பஸ் ஏறிச் சின்னசேலம் போக வேண்டும், இல்லாவிட்டால் உளுந்தூர்பேட்டை, விழுப்புரம். கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த பஸ்ஸுக்கு முன்னால் இன்னொரு பஸ். அவ்வளவு சிரமப்பட்டு ரயில் ஏறுகிற சனங்களை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

எது நின்றது, எது எப்போது திரும்பியது என்று ஒரு பட்டியல் போட்டேன்.

முதலில் விமானம். இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான உள்நாட்டு விமானங்களில் சாப்பாடு தரக்கூடாது என்று 2021 ஏப்ரலில் தடை வந்தது. அதே ஆண்டு நவம்பரில் நீங்கியது. ஏழு மாதம்.

அடுத்து ராஜதானி, சதாப்தி போன்ற, டிக்கெட்டோடு சாப்பாடு சேர்ந்த ரயில்கள். 2020 மார்ச்சில் சமைத்த உணவு நின்றது. பிறகு ரயில் ஓடியபோது பொட்டலத்தில் அடைத்த தின்பண்டங்கள்தான். 2021 நவம்பரில் மறுபடி சமைத்த உணவு தர உத்தரவு வந்தது, 2022 பிப்ரவரி 14க்குள் எல்லா ரயில்களிலும் முழுதாக வந்துவிட்டது. இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு.

மூன்றாவது, ஏசி பெட்டியில் தருகிற விரிப்பும் போர்வையும் தலையணையும். 2020 மார்ச்சில் போனது 2022 மார்ச்சில் திரும்பியது. இரண்டு ஆண்டு. அதன் செலவு டிக்கெட் விலைக்குள்ளேயே அடங்கியது. போர்வை போனது, விலை குறையவில்லை. சில ரயில்களில் பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற விரிப்பைத் தனியாக விலைக்கு விற்றார்கள்.

நான்காவது, பாசஞ்சர் ரயில். ஊரடங்குக்குப் பிறகு இவை பலவற்றை எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல் என்று பெயர் மாற்றி ஓட்டினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆனது. அதே பெட்டி, அதே பெஞ்சு, அதே கூட்டம். பெயர் மட்டும் எக்ஸ்பிரஸ். கூலி வேலைக்குத் தினமும் போய் வருகிறவருக்கு 20 ரூபாயில் முடிந்தது 60 ரூபாய் ஆனது. மாதம் 25 நாள் வேலை என்றால் 1,000 ரூபாய் கூடுதல். இது பழைய 10 ரூபாய்க்குத் திரும்பியது 2024 பிப்ரவரி கடைசியில். ஏறத்தாழ நாலு ஆண்டு.

ஐந்தாவது, மூத்த குடிமக்கள் சலுகை. 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதம். 2020 மார்ச் 20 முதல் நிறுத்தம். இன்னும் திரும்பவில்லை.

இந்த வரிசையை உற்றுப் பாருங்கள். பயணியின் பை எவ்வளவு கனமோ அவ்வளவு வேகமாக வசதி திரும்பியிருக்கிறது. பை மெலிய மெலியத் தாமதம் கூடுகிறது. ஒன்றுமில்லாதவருக்குத் திரும்பவே இல்லை. யாரோ உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அழுத பிள்ளை பால் குடித்தது. சத்தம் போடத் தெரிந்தவர்களின் குறை முதலில் தீர்ந்தது.

சத்தத்துக்கு எவ்வளவு பலம் என்பதற்கு ஒரு உதாரணம். 2022இல் சதாப்தி ரயிலில் ஒரு பயணி 20 ரூபாய் டீக்கு 50 ரூபாய் சேவைக் கட்டணம் சேர்த்து 70 ரூபாய் கொடுத்த பில்லைப் படம் எடுத்துப் போட்டார். முன்பதிவின்போது சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியில் கேட்பவர்களுக்கு அப்படி ஒரு விதி இருந்தது. நாடு முழுக்கச் சிரித்தது. ஜூலை மாதமே டீ, காப்பிக்கு அந்தக் கட்டணம் போய்விட்டது. சாப்பாட்டுக்கும் டிபனுக்கும் மட்டும் கூடுதல் 50 ரூபாய் நின்றுவிட்டது. ஒரு பில்லின் படம் சில வாரங்களில் செய்ததை, கோடிக்கணக்கான முதியவர்களின் மௌனம் இத்தனை ஆண்டில் செய்யவில்லை.

"சார், உங்களுக்கென்ன, பென்ஷன் வருது" என்று கேட்பீர்கள். சரிதான். என்னால் முழு டிக்கெட் எடுக்க முடியும். நான் எனக்காகக் கேட்கவில்லை. உங்களில் பலருடைய அப்பா அம்மாவுக்கு பென்ஷன் இல்லை. மலையில் சாமையும் தினையும் மரவள்ளியும் போட்டு உங்களைப் படிக்க வைத்தவர்கள். அவர்கள் ரயில் ஏறுவது ஊர் சுற்ற அல்ல. புதுச்சேரி ஜிப்மருக்கு, வேலூர் சிஎம்சிக்கு, பேரப்பிள்ளையைப் பார்க்கச் சென்னைக்கு, பெங்களூருக்கு. நோயாளிகளுக்குச் சலுகை இருக்கிறதே என்றால், இருக்கிறது, 11 வகை நோயாளிகளுக்கு. புற்றுநோய், சிறுநீரகம், இதயம் போன்றவை. மூட்டு தேய்ந்ததற்கும் கண்ணில் புரை விழுந்ததற்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. முதுமை தருகிற நோய் பெரும்பாலும் அந்த மாதிரிதான்.

கணக்கைப் பாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு ரயில்வே தந்த பதிலின்படி, 2020 மார்ச் 20 முதல் 2022 மார்ச் 31 வரை 7.31 கோடி மூத்த குடிமக்கள் பயணம் செய்தார்கள். சலுகை இல்லாததால் அவர்களிடமிருந்து கூடுதலாக வந்தது சுமார் 1,500 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஏறத்தாழ 205 ரூபாய். "இவ்வளவுதானா?" என்பீர்கள். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை மாதம் 1,000 ரூபாய். அதில் ஐந்தில் ஒரு பங்கு இது. அடிப்படைக் கட்டணம் 500 ரூபாய் என்றால் ஒரு கிழவனும் கிழவியும் முன்பு 300 + 250 = 550 கொடுத்தார்கள். இன்று 1,000.

இனி எதிர்வாதங்கள். அவற்றையும் நேர்மையாகப் பார்த்துவிடுவோம்.

"ரயில்வே ஏற்கெனவே ஒவ்வொரு டிக்கெட்டிலும் நஷ்டப்படுகிறது." உண்மை. நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன பதில் இதுதான்: ஒரு பயணிக்குச் சராசரியாக 46 சதவீதம் மானியம், 2022-23இல் மொத்தம் 56,993 கோடி ரூபாய். மறுக்கவில்லை. ஆனால் 2020க்கு முன்பும் டிக்கெட்டில் மானியம் இருந்தது, அதன் மேல்தான் முதியோர் சலுகையும் இருந்தது. மேலும், அந்த மானியம் இருபது வயதுப் பிள்ளைக்கும் உண்டு. எல்லோருக்கும் கொடுப்பதைக் காட்டி முதியவருக்குத் தனியாகக் கொடுத்ததை மறுப்பது, வகுப்பில் எல்லோருக்கும் பெஞ்சு போட்டிருக்கிறோமே, கண் தெரியாத பிள்ளைக்கு எதற்கு முன்வரிசை என்று கேட்பது போல. எல்லாவற்றுக்கும் மேலாக, 2020 மார்ச்சில் சொன்ன காரணம் நஷ்டம் அல்ல. தேவையற்ற பயணத்தைத் தவிர்க்க வேண்டும், முதியவர்கள் வீட்டில் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதுதான். அந்தக் காரணம் இப்போது எங்கே?

"வசதி உள்ளவர்களும் சலுகையை அனுபவித்தார்கள்." இதுவும் உண்மை. அதற்கு வழியும் ஏற்கெனவே இருந்தது. 2016இல், விருப்பம் உள்ளவர்கள் சலுகையை முழுதாக விட்டுக்கொடுக்கலாம் என்றார்கள். 2017இல் பாதியை மட்டும் விட்டுக்கொடுக்கவும் ஏற்பாடு செய்தார்கள். கொரோனாவுக்கு முன் "விட்டுத் தருகிறீர்களா?" என்று நம்மைக் கேட்டார்கள். கொரோனாவுக்குப் பின் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். ரயில்வேக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே, ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலுமாவது சலுகையைத் திரும்பத் தருவது பற்றிப் பரிசீலியுங்கள் என்று சொன்னது. அது நடுநிலையான யோசனை. வசதிக்கு ஒரு கோடு போடுங்கள். முழுப் பலகையையும் அழிக்க வேண்டாம்.

"புளிசோறு கட்டிக்கொண்டு போனால் போச்சு, ரயில் சாப்பாடு எதற்கு?" நானும் கட்டிக்கொண்டு போகிறவன்தான். ஆனால் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் எஸ்டேட் வேலைக்குப் போய்த் திரும்புகிற நம் மலைப் பிள்ளைகள் புளிசோறு யார் வீட்டு அடுப்பில் கட்டுவார்கள்? 2023 ஜூலையில், பொதுப் பெட்டி நிற்கும் இடத்துக்கு எதிரே 20 ரூபாய்க்குப் பூரியும் உருளைக்கிழங்கும், 50 ரூபாய்க்குச் சோறும், 3 ரூபாய்க்குத் தண்ணீரும் விற்கும் கவுண்டர்களைத் தேர்ந்தெடுத்த சில ஸ்டேஷன்களில் தொடங்கினார்கள். நல்ல காரியம், பாராட்டுகிறேன். மனம் வைத்தால் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. சின்னசேலம் மாதிரி ஸ்டேஷன்களிலும் அது இருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

திருப்பிக் கொடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம் பள்ளிக்கூடத்தைக் காட்டுங்கள். ஊரடங்கில் சத்துணவு அடுப்பும் அணைந்தது. அரிசியும் பருப்பும் உலர் பொருளாக வீட்டுக்குக் கொடுத்தார்கள். பள்ளி திறந்ததும் அடுப்பு மறுபடி எரிந்தது. "பிள்ளைகள் பழகிவிட்டார்கள், அரிசியாகவே கொடுத்துவிடலாம், ஆயா சம்பளம் மிச்சம்" என்று யாரும் சொல்லவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று காலைச் சிற்றுண்டியும் சேர்ந்து தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 அரசுப் பள்ளிகள். 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்தது. அதே தொற்று, அதே பணமுடை. ஓர் இடத்தில் தட்டு திரும்பி வந்ததோடு இன்னொரு தட்டும் சேர்ந்தது. இன்னோர் இடத்தில் இருந்ததும் போனது. மலைப் பள்ளியில் எத்தனையோ ஆண்டு மத்தியானத் தட்டுகளை எண்ணியவன் என்ற முறையில் சொல்கிறேன், வித்தியாசம் பணத்தில் இல்லை. யாரை நம் பிள்ளை என்று நினைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

"அட்ஜஸ்ட் பண்ணிக்க வேண்டியதுதான்" என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும் மேலே இருப்பவர்களுக்கு ஒரு செய்தி போகிறது: இவர்களுக்கு வலிக்கவில்லை. அடுத்த பேரிடர் வரும்போது அடுத்த "தற்காலிகம்" தயாராக இருக்கும்.

அதனால் உங்களுக்கு வீட்டுப்பாடம். ரயிலில் எது வாங்கினாலும் பில் கேளுங்கள். பில் தராவிட்டால் பணம் தர வேண்டாம் என்று 2019இல் ரயில்வேயே அறிவித்தது. சாப்பாடு கெட்டிருந்தாலோ போர்வை அழுக்காக இருந்தாலோ பக்கத்து சீட்டுக்காரரிடம் புலம்பாமல் 139க்கு அழையுங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். பரிமாறுகிற பையனிடம் கத்தாதீர்கள். அவன் விலையையும் விதியையும் எழுதியவன் அல்ல. பெற்றோருக்கு டிக்கெட் போடும்போது, பழைய சலுகையில் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டு, அந்த வித்தியாசத்தை எழுதி நம் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் போடுங்கள். வேலையில் பெரிய பதவியில் இருக்கும் மாணவர்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறீர்கள். உங்கள் பேனாவுக்கு என் பேனாவைவிட மதிப்பு அதிகம்.

கழித்தலில் பக்கத்து இலக்கத்திலிருந்து கடன் வாங்கினால் அங்கே ஒன்று குறைத்து எழுத வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். எழுதாமல் விட்டால் விடை தப்பு. 2020இல் முதியவர்களிடமிருந்து வாங்கிய கடனை யாரும் எந்த இலக்கத்திலும் எழுதவில்லை. அதை எழுத வைக்கிற வேலை இனி உங்களுடையது.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகக் கீழே எழுதுங்கள். கணக்கில் பிழை கண்டுபிடிப்பவர்களுக்கு வழக்கம்போல நூற்றுக்கு நூறு.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்,
கள்ளக்குறிச்சி.