ஆஸ்பத்திரி நெருப்பும் தலைவிதியும்

ஆஸ்பத்திரியில் நெருப்புப் பிடித்து நோயாளிகள் மாண்டார்கள் என்றால், நம் ஜனங்கள் வாயில் வரும் முதல் வார்த்தை "விதி யாரை விட்டது?" என்பதேயாகும். அந்த விதியைத்தான் நாம் சற்று விசாரிக்க வேண்டுமென்கின்றோம்.

2021-ம் வருஷம் ஜனவரி 9-ந் தேதி விடியுமுன், மராட்டிய நாட்டுப் பண்டாரா ஜில்லா ஆஸ்பத்திரியில் பச்சிளங் குழந்தைகளின் சிகிச்சை அறையில் தீப்பிடித்து 10 குழந்தைகள் மாண்டன. இவை என்ன பாவம் செய்தன? "பூர்வஜென்ம பாவம்" என்பார்கள் வைதீகர்கள். அப்படியானால் அந்தப் பாவம் மின்சாரக் கருவியின் வழியாகத்தான் வந்து சேர வேண்டுமா என்று கேட்கின்றோம்.

கல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. ஆஸ்பத்திரிச் சங்கதி இன்னும் தெளிவானது. 2011 டிசம்பர் 9-ந் தேதி விடியுமுன் அங்கு சுமார் 90 பேர் மாண்டனர். வண்டி நிறுத்த வேண்டிய நிலவறையில் எளிதில் தீப்பற்றும் சாமான்களை அடைத்து வைத்திருந்தார்கள். அதைக் காலி செய்யும்படி தீயணைப்பு இலாகா முன்னமே சொல்லியிருந்தது. காலி செய்யவில்லை. புகை மேல்மாடிகளுக்கு ஏறிற்று. கண்ணாடிச் சுவரோ திறக்கக்கூடியதல்ல. படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள் நெருப்பு தொடுவதற்கு முன்பே புகையால் மூச்சடைத்துச் செத்தார்கள். அண்டையிலிருந்த குடிசைவாசிகள் ஓடிவந்து சிலரை மீட்டார்கள். இதில் விதிக்கு எங்கே இடம்? நிலவறைச் சாவி விதியிடமா இருந்தது?

ஆயுத பூஜையன்று ஆஸ்பத்திரி மின்சாரப் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். தீயணைக்கும் சிவப்புக் குப்பிக்கும் ஒரு பொட்டு! பெட்டியைத் திறந்து, கம்பி தாங்கக்கூடிய பளு எவ்வளவு, அதில் மாட்டியிருக்கும் கருவிகள் எத்தனை என்று பார்க்கிறவர் எத்தனை பேர்? பொட்டு வைத்த கை குப்பியின் மீதுள்ள தேதியைப் படித்ததா? சாதாரணக் காற்றில் மெல்ல எரிவது பிராணவாயு மிகுந்த அறையில் குபீரென்று எரியுமென்பதை அந்த அறையில் இரவு வேலை செய்யும் ஆயாவுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

இதில் நாம் மத பட்சபாதம் காட்டவில்லை. 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ஏர்வாடியில், தர்காவின் தண்ணீரும் விளக்கெண்ணெயும் சித்தக் கோளாற்றைத் தீர்க்குமென்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள், கீற்றுக் கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டபடியே எரிந்து 28 பேர் செத்தார்கள். சங்கிலி போடக் கூடாதென்று 2017-ம் வருஷச் சட்டம் பளிச்சென்று சொல்லுகின்றது. 28 பேருக்கு அது 16 வருஷம் பிந்தி வந்தது.

தோழர்களே! அடுத்த முறை உங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவசர வழிக் கதவைத் தள்ளிப் பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடமென்று எல்லோர் காதிலும் விழும்படி கேளுங்கள்.