பெங்களூருக்கு ஏற்ற ஹீட் பம்ப் எது?

வீட்டுக்கு ஹீட் பம்ப் வாங்கக் கடன் கிடைக்குமா என்று எங்களிடம் கேட்டு வரும் வாடிக்கையாளர்கள் உண்டு. கிடைக்கும் என்பதே விடை. ஆயினும் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது என்பது எங்கள் கருத்து.

ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை; ஓரிடத்திலுள்ள வெப்பத்தை எடுத்து மற்றோரிடத்தில் சேர்க்கிறது. நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் ஏசியும் இதே வேலையைச் செய்பவைதாம். குழாயில் ஓடும் குளிரூட்டி வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை ஏற்கிறது. கம்ப்ரசர் அதை அழுத்தி மேலும் சூடாக்குகிறது. அந்தச் சூடு தொட்டி நீருக்குப் போகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். கீசரிலோ ஒன்றுக்கு ஒன்றுதான்.

வெப்பத்தை எங்கிருந்து எடுக்கிறது என்பதைப் பொறுத்து இதில் காற்று, நிலம், நீர் என மூன்று வகைகள் உள்ளன. சூரிச் நகர மன்றம் 1938-லேயே ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுத்துக் கட்டடத்தைச் சூடாக்கியது. கடுங்குளிர் நாடுகளில் நிலத்தைத் துளைத்துக் குழாய் பதிப்பார்கள். பெங்களூரின் அடியிலோ கடும்பாறை. தண்ணீருக்காகத் துளையிட்டே களைத்துப்போன நகரம் இது! வெப்பத்துக்காகவும் துளையிடச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. இங்கே ஜனவரி அதிகாலையிலும் குளிர் பெரும்பாலும் 15 டிகிரி அளவில் நின்றுவிடுவதால், காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் வகையே போதுமானது.

அறையைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் வல்ல ஏசியும் ஒரு ஹீட் பம்ப்தான். 2016 ஏப்ரலில் 39.2 டிகிரியைக் கண்ட ஊரில் ஏசி ஆடம்பரம் என்று இனிச் சொல்ல இயலாது. ஆனால் சூடாக்கும் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது உதகையிலோ டெல்லியிலோ பொருந்தும். இங்கே அந்தப் பொத்தானை ஆண்டில் எத்தனை நாள் அழுத்தப் போகிறோம்?

பெங்களூர் வீடுகளுக்கு உண்மையில் வேண்டிய வெப்பம் குளியலறையில்தான். நால்வர் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 3 யூனிட் வெப்பம் வேண்டும். கீசரில் மாதம் 90 யூனிட் செலவாகும். ஹீட் பம்பில் 30. மிச்சம் 60 யூனிட். யூனிட்டுக்கு ஆறு ரூபாய் என்று தோராயமாகக் கொண்டால் 360 ரூபாய். ஒரு லட்சம் ரூபாயை 10 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை 2,125 ரூபாய்.

கர்நாடக அரசின் கிருக ஜோதித் திட்டம் இக்கணக்கைச் சற்று மாற்றும். மாதப் பயன்பாடு 200 யூனிட்டைத் தாண்டினால் முழுக் கட்டணமும் செலுத்த வேண்டும் அல்லவா? 230 யூனிட் வரும் வீடு 170-க்கு இறங்கினால், சலுகை அளவு அதற்கு மேலிருப்பின், 1,380 ரூபாய் மிச்சமாகலாம். அப்போதும் தவணையை எட்டவில்லை. மேலும், அரசுச் சலுகையை நம்பி ஐந்தாண்டுக் கடன் வாங்குவதை நாங்கள் விரும்புவதில்லை.

ஆகவே, சிறு குடும்பம் ஒன்று இதற்கெனத் தனிக்கடன் வாங்க வேண்டாம். கையிருப்பில் வாங்குவோரையும், புதுவீடு கட்டும்போதே வீட்டுக் கடனுக்குள் அடக்கிக்கொள்வோரையும் நாங்கள் தடுக்க மாட்டோம். நாற்பது பேர் தங்கும் விடுதியின் கதை வேறு. அங்கே நாளுக்கு 1,000 லிட்டர் வெந்நீர் என்றால் மாதம் சுமார் 600 யூனிட், அதாவது 3,600 ரூபாய் மிச்சம். ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கடனின் தவணையை அந்த மிச்சமே கட்டிவிடும். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களும் இதை ஆராயலாம். அங்கே மொட்டைமாடி சிறிது, வீடுகள் பல. சூரிய வெந்நீர் எல்லோருக்கும் எட்டாது. ஜூலை மாத மேகமூட்டத்திலும் ஹீட் பம்ப் இயங்கும்.

பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் கூரைச் சூரிய மின்தகடு அமைத்தவர்கள் நண்பகலில் இதை ஓட்டி, வெந்நீரைத் தொட்டியில் சேமித்துக்கொள்ளலாம்.

ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடினமாக இருந்தால் குழாயில் உப்புப் படிந்து திறன் குறையும். மென்னீராக்கும் கருவியின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விற்பனையாளர் காட்டும் திறன் அளவு பெரும்பாலும் இதமான வெப்பநிலைக்கு உரியது. 15 டிகிரியில் எவ்வளவு என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்; கடன் விண்ணப்பத்துடன் அத்தாளையும் இணைத்துக் கொண்டு வாருங்கள்.