தாங்கிக்குள் ஹீட்டரும் தலைக்குமேல் விதியும்

"மின்சாரம் தாக்கி ஒருவர் பலி" என்ற தலைப்பில் நான்கு வரிச் செய்தியொன்று நமது பத்திரிகைகளின் உட்பக்கங்களில் அடிக்கடி வெளிவருவதை வாசகர்கள் அவதானித்திருப்பீர்கள். இறந்தவரின் வயது இருக்கும். எத்தனை பிள்ளைகளின் தந்தை என்பது இருக்கும். எந்தப் பொலிஸ் பிரிவு என்பதும் இருக்கும். "மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்" என்ற வாசகத்தோடு செய்தி முடிந்துவிடும். எந்த உபகரணம் அவரைக் கொன்றது? அதற்கு எர்த் இணைப்பு இருந்ததா? அந்த வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்ததா? அதைப் பொருத்தியவர் யார்? இக்கேள்விகளுக்கு அந்த நான்கு வரிகளில் இடமில்லை. மையித்து வீட்டில் கூடியிருப்போரும் கேட்பதில்லை. "அவருடைய விதி அவ்வளவுதான்" என்று சொல்லிக் கலைந்து விடுகிறோம்.

இதனை இப்போது எழுதத் தூண்டியது மதுரங்குளியிலிருந்து பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால் நடக்கும் ஒரு விடயம். பிரித்தானியாவில் யன்னல் கண்ணாடி துடைக்கும் தொழில் செய்யும் நமது பிரதேசத்து இளைஞர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் பேசினார். குளிர்காலத்தில் தமது வேனிலுள்ள தண்ணீர்த் தாங்கிக்குள் ஹீட்டர் ஒன்றைப் பொருத்தப் போவதாகச் சொன்னார். "பெரிய வேலை ஒண்டுமில்ல நானா, தாங்கில ஒரு ஓட்டை போட்டு ஹீட்டர முறுக்கிட்டாப் போச்சு" என்றார். அந்த "போச்சு" என்ற சொல்தான் என்னை உறுத்தியது. நமது சமூகம் மின்சாரத்தை நோக்கும் முழுப் பார்வையும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றது.

அத்தொழிலைப் பற்றி நம்மவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். ஏணியில் ஏறித் துணியால் துடைக்கும் காலம் அங்கு பெரும்பாலும் மாறிவிட்டது. வேனுக்குள் சில நூறு லீற்றர் கொள்ளளவுள்ள பிளாஸ்டிக் தாங்கி இருக்கும். அதிலிருந்து பம்ப் மூலம் நீண்ட குழாய் வழியாக நீர் சென்று, கையிலுள்ள நீளமான கம்பின் நுனியிலுள்ள தூரிகையில் பாயும். தரையில் நின்றபடியே மாடி யன்னலைக் கழுவிவிடலாம். அந்த நீர் சாதாரண குழாய்நீர் அல்ல. உப்புக்களும் கனிமங்களும் வடிகட்டி அகற்றப்பட்ட தூயநீர். அப்போதுதான் துடைக்காமலே காயவிட்டாலும் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் விழாது. புத்தளத்துக் கிணற்று நீரால் வாகனக் கண்ணாடியைக் கழுவிவிட்டு வெயிலில் காயவிட்டவர்களுக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

நீரைச் சூடாக்க நினைப்பதில் தவறே இல்லை. தைமாதக் குளிரில் குழாய் உறைந்தால் அன்றைய பிழைப்புப் போய்விடும். கைவிரல்கள் மரத்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கும் பறவை எச்சமும் வெந்நீருக்கு விரைவாக இளகும். எனவே அந்த இளைஞரின் தேவையை நான் குறைகூறவில்லை. வீட்டுக் கொதிகலனுக்காகச் செய்யப்பட்ட ஹீட்டரைக் கழற்றி வேன் தாங்கிக்குள் போடுவதையே எதிர்க்கின்றேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 500 லீற்றர் நீரை 10 பாகை செல்சியஸிலிருந்து 40 பாகைக்கு உயர்த்துவதற்கு ஏறத்தாழ 17.4 அலகு மின்சாரம் வேண்டும். 3 கிலோவாற் ஹீட்டர் இதற்குச் சுமார் ஆறு மணித்தியாலங்கள் எடுக்கும். வேனின் 12 வோல்ட் பற்றரியிலிருந்து இதனை இயக்குவதாயின் 250 அம்பியர் இழுக்கும். அது நடக்கிற காரியமல்ல. ஆகவே இரவில் வீட்டிலிருந்து வயர் இழுத்து, விடியும்வரை சூடாக்குவதே வழக்கம். 230 வோல்ட்டில் 3 கிலோவாற் என்றால் 13 அம்பியர். அதாவது அந்தப் பிளக் தாங்கக்கூடிய உச்ச அளவு. ஒரு கேத்தலுக்காக மூன்று நிமிடம் அந்தச் சுமையைத் தாங்குவது வேறு. ஆறு மணித்தியாலம் விடாமல் தாங்குவது வேறு. சுருட்டிய நிலையிலேயே நீட்டு வயரைப் பயன்படுத்தினால், உள்ளே சிக்கும் வெப்பத்தால் வயரின் உறையே உருகும். வீட்டார் அனைவரும் உறங்கும் நேரத்தில் இது நடக்கின்றது என்பதை நினைவிற் கொள்க! 15 லீற்றருக்கு மேற்பட்ட கொள்கலத்தில் பொருத்தும் ஹீட்டருக்குத் தனியான மின்சுற்று வேண்டும் என்று பிரித்தானிய மின்னிணைப்பு வழிகாட்டல் சொல்வது காரணமில்லாமல் அல்ல.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. வீட்டுக் கொதிகலன் எப்போதும் நிரம்பியே இருக்கும். குழாயைத் திறந்து வெந்நீர் எடுக்கும்போதே அடியிலிருந்து குளிர்நீர் உட்புகுந்து இடத்தை நிரப்பிவிடும். அதிலுள்ள ஹீட்டர் நீருக்குள் மூழ்கியே இருக்கும் என்ற நம்பிக்கையின் மீதுதான் அதன் பாதுகாப்பு முழுவதும் அமைந்திருக்கின்றது. யன்னல் துடைப்பவரின் தாங்கியோ ஒவ்வொரு நாளும் வெறுமையாவதற்கென்றே உள்ளது. மாலையில் வெறுந்தாங்கியோடு வீடு திரும்பியவர், களைப்பில் நீர் நிரப்ப மறந்து பிளக்கைச் செருகினால் என்ன நடக்கும்? வெப்பத்தை உறிஞ்ச நீரில்லாத கம்பி சில நிமிடங்களில் பழுக்கக் காயும். சுற்றிலும் இருப்பது பிளாஸ்டிக். அதைச் சுற்றி வேன். வேனுக்கு அருகில் வீடு. மூன்றும் எரிவதற்கு ஒரு மறதி போதுமானது.

"தேர்மோஸ்டாட் இருக்கிறதே" என்பார்கள். அந்த ஒற்றைக் கருவியை நம்பியதால் நேர்ந்த கதியைப் பிரித்தானியாவே பார்த்திருக்கின்றது. 2006 நவம்பரில் சொமர்செட் மாவட்டத்தின் டோன்டன் நகரில் வீடொன்றில் கொதிகலனின் தேர்மோஸ்டாட் பழுதடைந்தது. நிறுத்துவாரின்றி ஹீட்டர் எரிந்துகொண்டே இருந்தது. கொதிநீர் மேலேறி, கூரைக்குள் இருந்த பிளாஸ்டிக் தாங்கியை நிரப்பியது. சூடு தாங்காத தாங்கி இளகி உடைந்தது. கீழே அறையில் உறங்கிக்கொண்டிருந்த பத்து மாதக் குழந்தையின் மீது அந்தக் கொதிநீர் கொட்டியது. குழந்தை இறந்தது. அந்த வீட்டில் எவரும் தாங்கியில் ஓட்டை போடவில்லை. முறையாகப் பொருத்தப்பட்டிருந்த கொதிகலனிலேயே ஒரு சிறு பாகம் பழுதானதன் விளைவு அது! தேர்மோஸ்டாட் தவறினாலும் மின்சாரத்தைத் துண்டித்து, மனிதர் வந்து அழுத்தும்வரை மீளாத இரண்டாவது துண்டிப்பான் இன்று அங்கு விற்பனையாகும் ஹீட்டர்களில் இருக்க வேண்டியதாகின்றது. பழைய கொதிகலனிலிருந்து கழற்றியெடுத்த, அல்லது மலிவு விலைக்கு இணையத்தில் வாங்கிய ஹீட்டரில் அது இருக்கின்றதா என்று யார் பார்த்தார்கள்?

அடுத்த வாதம், "பிரேக்கர் இருக்கிறது" என்பது. பிரேக்கர் வயரைக் காப்பாற்றவே உள்ளது, மனிதரைக் காப்பாற்ற அல்ல. 16 அம்பியர் பிரேக்கர் என்றால் 16,000 மில்லி அம்பியர் வரை அது வாளாவிருக்கும். மனித உயிரைக் காக்கப் பொருத்தப்படும் ட்ரிப் சுவிட்சோ 30 மில்லி அம்பியர் கசிவிலேயே துண்டிக்க வேண்டியது. ஐந்நூறு மடங்குக்கும் மேற்பட்ட இந்த வித்தியாசத்தை அறியாமலேயே "பிரேக்கர் போட்டிருக்கிறோம்" என்று நிம்மதியாக உறங்குவோர் எத்தனை பேர்!

இன்னும் சிலர் படித்தவர்கள் போன்று பேசுவர்: "தூயநீர் மின்சாரத்தைக் கடத்தாது." பரிசோதனைக் கூடத்தில் அது ஓரளவு உண்மை. தூசும் துருவும் படிந்த தாங்கியில், வியர்வைக் கை பட்ட நீரில், அந்த உண்மை நிலைக்காது. செம்பாலான கொதிகலன் எர்த்தோடு இணைந்திருக்கும். பிளாஸ்டிக் தாங்கி அப்படியல்ல. ஹீட்டரின் உறைக்கு எர்த் இல்லாதவிடத்து, கசியும் மின்சாரம் போக வழியின்றி நீருக்குள்ளேயே காத்திருக்கும். பிளக்கைக் கழற்றாமல் ஈரத்தரையில் நின்று வேலையைத் தொடங்கும் மனிதரே அதற்கு வழியாகிவிடுவார். தூயநீருக்கு இன்னொரு குணமும் உண்டு. கனிமம் இழந்த நீர் செம்பை மெல்ல அரித்துக் கரைக்கும். ஆகவே சாதாரண செம்பு உறையுள்ள ஹீட்டர் அதற்குள் நீண்டநாள் பிழைக்காது. உறை அரிபட்டால் உள்ளிருக்கும் மின்சாரம் நீரைத் தொடும்.

வெதுவெதுப்பான நீரைத் தேக்கி வைப்பதிலும் ஓர் அபாயம் உண்டு. 20 முதல் 45 பாகை வரையிலான தேங்கிய நீரில் லீஜியனெல்லா என்ற பக்டீரியா பெருகும். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடைபெற்ற முன்னாள் படைவீரர் மாநாட்டில் பலரைப் பலிகொண்ட நிமோனியாவுக்குக் காரணமாக இருந்தது இதுவே. நீர்த்துளிகளைச் சுவாசிப்பதன் மூலம் அது பரவுகின்றது. தூரிகையிலிருந்து தெறிக்கும் சாரலில் நாள் முழுவதும் நிற்பவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

அப்படியாயின் குளிரில் விறைத்துச் சாவதா என்று கேட்கலாம். வழி இருக்கின்றது. அத்தொழிலுக்கென்றே தயாரிக்கப்பட்ட ஹீட்டர்கள் உள்ளன. நீர்மட்டம் குறைந்தால் தானே நிற்கும் மிதவைச் சுவிட்ச், துருப்பிடிக்காத உலோக உறை, இரட்டைத் துண்டிப்பான், 30 மில்லி அம்பியர் ட்ரிப், தகைமையுள்ள மின்னியலாளர் அமைத்த தனி மின்சுற்று ஆகிய ஐந்தும் இருந்தால் செய்யட்டும். தாங்கியைச் சூடாக்காமல், ஓடும் நீரை மாத்திரம் சூடாக்கும் டீசல் ஹீட்டர்களும் உள்ளன. அவற்றின் புகை வேனுக்கு வெளியே போக வேண்டும், அவ்வளவே. உறைவதைத் தடுப்பது மட்டுமே நோக்கமாயின் தாங்கிக்கு உறை போர்த்தி, இரவில் குழாய்களை வடித்துவிட்டாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஓட்டை போட்டு முறுக்குவதை விட இவற்றுக்குச் செலவு அதிகம்தான். ஜனாஸாவை விமானத்தில் ஊருக்குக் கொண்டு வரும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை.

இது ஏதோ பிரித்தானியாவின் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். அங்கு போனவர் இந்தப் பழக்கத்தை இங்கிருந்தே கொண்டு போனார். நமது வீடுகளில் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டவும், நோயாளியின் உடலைத் துடைக்கவும் பிளாஸ்டிக் வாளிக்குள் ஹீட்டர் கம்பியைப் போடும் வழக்கம் இருக்கின்றது. சுவிட்சை அணைக்காமலேயே விரலை விட்டுச் சூடு பார்ப்பவர்களையும் காண்கிறோம். சுண்ணாம்புக்கல் நிறைந்த புத்தளம் மாவட்டத்தின் நீர் கடினமானது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு கம்பியிலும் படியும். படிவு தடிக்கத் தடிக்க, வெப்பம் நீருக்குப் போகாமல் கம்பிக்குள்ளேயே அடைபட்டு அதன் உறையை வெடிக்கச் செய்யும். இந்தியாவில் இவ்வகை ஹீட்டருக்கென்றே ஐ.எஸ். 368 என்ற நியமம் உண்டு. நமது கடைகளில் எர்த் முனையே இல்லாத கம்பிகள் தேங்காய்த் துருவியோடு சேர்த்துத் தொங்கவிடப்பட்டிருக்கின்றன. வாங்குபவர் கேட்பது விலையை மாத்திரமே.

நாட்டிலேயே மிகப்பெரிய அனல்மின் நிலையம், 900 மெகாவாற் கொள்ளளவுள்ள நுரைச்சோலை நிலையம், நமது மாவட்டத்திலேயே இருக்கின்றது. 2011இல் அதன் முதல் அலகு இயங்கத் தொடங்கியது முதல் அதன் புகையையும் சாம்பலையும் பற்றி நாம் பேசாத மேடையில்லை. அது நியாயமான பேச்சு. ஆனால் அங்கிருந்து புறப்படும் மின்சாரம் நம் வீட்டு வாளிக்குள் வந்து இறங்கும்போது என்ன செய்கின்றது என்பதைப் பற்றி எந்த மேடையிலும் பேசியதில்லை.

மூன்று தரப்பினரிடம் கேட்க வேண்டியிருக்கின்றது. எர்த்தும் துண்டிப்பானும் இல்லாத ஹீட்டர் கம்பிகளை இறக்குமதி செய்யவும் விற்கவும் இடமளிப்பது ஏன் என்பதை இலங்கைக் கட்டளைகள் நிறுவகமும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவும் மக்களுக்குச் சொல்ல வேண்டும். துப்புரவுத் தொழிலுக்காக வெளிநாடு செல்வோருக்குப் பயிற்சியளிக்கும் நிலையங்கள், நீரும் மின்சாரமும் சேரும் இடத்தைப் பற்றி ஒரு மணித்தியாலமாவது ஒதுக்க வேண்டும். மூன்றாவது தரப்பு நமது ஊடகத்துறை. "மின்சாரம் தாக்கி பலி" என்று எழுதும் இளம் செய்தியாளர் ஐந்தாவதாக ஒரு வரியைச் சேர்க்கட்டும்: அந்த வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருந்ததா, இல்லையா? அந்த ஒரு வரி தொடர்ந்து அச்சானால், வாசிப்பவர் எழுந்துபோய்த் தம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பார். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தியும் பார்ப்பார்.

விதியை நம்புவோர் நம்பட்டும். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றுவோர், கட்டாமல் விட்ட ஒட்டகத்துக்கு விதியைக் குற்றஞ்சாட்ட முடியாது. அந்த இளைஞரிடம் நான் கடைசியாகச் சொன்னது இதுதான்: தம்பி, மிதவைச் சுவிட்சும் ட்ரிப்பும் வாங்கும்வரை குளிர்ந்த நீரிலேயே துடையுங்கள். விறைத்த விரல் மாலையில் சரியாகிவிடும்.