கருப்பு டி-ஷர்ட்டும் கால் கிலோ உப்பும்

கருப்பு டி-ஷர்ட் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கற மகாஜனங்களே, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. நம்ம ஐடி கும்பல்ல யார் பீரோவைத் திறந்தாலும் கருப்பும் கருநீலமும்தான் தொங்கும். அதுலயும் பாதி கம்பெனி ஓசியில குடுத்தது. "சாயப்பட்டறைக்காரன் ஆத்தையே நாசம் பண்ணிட்டான்"னு டீக்கடையில பொங்கறதும் இதே கும்பல்தான் (நானும் உண்டு). இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு கணக்கு இருக்கு. வீட்டுலயே ஒரு தடவை நூலுக்குச் சாயம் போட்டுப் பாத்தா அந்தக் கணக்கு தானா புரியும்கறது என் கட்சி.

தங்கமணி குரோஷா போடறாங்க. அவங்க கேட்ட கருநீலம் கடையில கிடைக்கல. "நீதான் இஞ்சினியராச்சே, சாயம் போட்டுக் குடு"ன்னு உத்தரவு. சி ப்ளஸ் ப்ளஸ்ஸுக்கும் சாயத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேக்க முடியுமா? 200 கிராம் வெள்ளைப் பருத்தி சிட்டா நூலும் ஒரு பொட்டலம் ரியாக்டிவ் சாயமும் வாங்கி வந்தாச்சு.

இந்த ரியாக்டிவ் சாயம் லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லீங்க. 1954ல இங்கிலாந்துல ஐ.சி.ஐ. கம்பெனியில ராட்டீ, ஸ்டீபன்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சாங்க. 1956ல புரோசியான்ங்கற பேர்ல கடைக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின சாயங்கள் நூலுக்குள்ள போய் சும்மா உக்காந்துக்கும், இல்லேன்னா படிகாரம் மாதிரி ஒரு தரகர் பிடிச்சு வைக்கணும். இது பஞ்சோட வேதியியல் முறையிலயே கைகோத்துக்கிட்டு நூலோட பாகமாவே ஆயிடும். உங்க டி-ஷர்ட் அம்பது தடவை துவைச்சும் பல்லைக் காட்டாம இருக்குன்னா காரணம் இதுதான்.

நான் போட்ட கணக்கு இது. 200 கிராம் நூலுக்கு 4 லிட்டர் தண்ணி. கருநீலம்கறதால சாயம் 6 கிராம். சலவை சோடா 60 கிராம். உப்பு 240 கிராம். ஆமாங்க, சாப்பாட்டுல போடற அதே உப்புதான். நூலோட எடையைவிட உப்போட எடை அதிகம்!

உப்பு எதுக்குன்னா, பஞ்சு தண்ணியில நனைஞ்சதும் மைனஸ் மின்னேற்றத்தோட இருக்கும். சாயமும் மைனஸ். ஒரே கட்சியில ரெண்டு கோஷ்டி மாதிரி பக்கத்துல வரவே மாட்டாங்க. நடுவுல பஞ்சாயத்து பண்ணத்தான் உப்பு. கொஞ்சம் கொஞ்சமா உப்பைப் போட்டுக் கிளறிக்கிட்டே இருந்தா சாயம் மெதுவா நூல் பக்கம் ஒதுங்கும். அப்புறம் சோடாவைப் போட்டதும் கல்யாணம் முடிஞ்சுது. ஒரு மணி நேரம் சிட்டாவைப் புரட்டிக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா திட்டுத்திட்டா ஏறும். (சாயப்பொடி மூக்குல ஏறாம மாஸ்க் போடுங்க. அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீங்க. மத்ததெல்லாம் சுலபம்.)

மேட்டரே இனிமேதான். பஞ்சாயத்து பண்ண வந்த உப்பு கல்யாண வீட்டுல தங்காது. 240 கிராமும் அப்படியே வெளிய வந்துடும். சாயத்துலயும் ஒரு பங்கு நூலைப் பிடிக்காம தண்ணியோடயே கூட்டு சேர்ந்து வீணாப்போகும். அந்த ஒட்டாத சாயம் போற வரைக்கும் அலசணும். பச்சைத் தண்ணி, கொதிக்கிற சோப்புத் தண்ணி, திரும்பப் பச்சைத் தண்ணின்னு ஏழு தடவை. சாயத் தண்ணியோட சேத்து மொத்தம் 32 லிட்டர். 200 கிராம் நூலுக்கு!

வீட்டுல ஆர்.ஓ. மெஷினுக்கு வாங்கின டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு இருந்துச்சு. எங்க போர் தண்ணி 900 காட்டும். முதல் சாயத் தண்ணியில விட்டா மீட்டர் அளக்கற எல்லையையே தாண்டிடுச்சு. பின்ன, லிட்டருக்கு 75 கிராம் கரைஞ்சிருக்கு, கடல் தண்ணியிலயே லிட்டருக்கு சுமார் 35 கிராம்தான். நம்ம மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஆத்துல விடற கழிவுநீருக்கு வச்சிருக்கற வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். என்னோட 32 லிட்டரையும் ஒண்ணாக் கலந்தாக்கூட அதைப்போல நாலு மடங்கு வருது.

ஏழாவது அலசல் தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அஞ்சாவதும் ஏறக்குறைய அப்படித்தான், ஆனா மீட்டர் வேற கதை சொல்லுச்சு. நாம ஆத்துல சிவப்பாவோ நீலமாவோ ஓடினாத்தான் கத்தறோம். நிறத்தைச் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டு வண்டலா இறக்கிடலாம். உப்பு அதுக்கெல்லாம் அசையாது. பாக்க சுத்தமா இருக்கற தண்ணியில ஒளிஞ்சுக்கிட்டு ஓடிடும்.

நொய்யல்ல நடந்தது இதுதானே? வெள்ளியங்கிரி மலையில பொறந்து, கோயமுத்தூர், திருப்பூர் வழியா வந்து கரூர் மாவட்டத்துல காவிரியில கலக்கற ஆறு. பாசனத்துக்காக அது மேல 1990களின் தொடக்கத்துல கட்டின ஒரத்துப்பாளையம் அணை, சில வருஷத்துலயே சாயக்கழிவு தேங்கற தொட்டியாயிடுச்சு. கீழ்ப்பக்கத்து விவசாயிகள் "அணையே வேணாம்"னு சொல்ற நிலைமை. பாசனத்துக்குக் கட்டின அணையை விவசாயியே வேணாம்கறான்னா பாத்துக்குங்க. சோடியம் ஏறின களிமண்ணு இறுகி, தண்ணி உள்ள இறங்காது. கிணத்துத் தண்ணியும் உப்பாகும். கோர்ட்டுல பல வருஷம் வழக்கு நடந்து, 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிடுச்சு. சொட்டுக் கழிவுகூட வெளிய விடாத ஏற்பாடு செஞ்சவங்க பிறகு படிப்படியா திறந்தாங்க.

அந்த ஏற்பாடு எப்படின்னா, சவ்வு வழியா வடிகட்டித் தண்ணியைப் பிரிச்சு, மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக்கறது. நானும் அதை மொட்டை மாடியில செஞ்சு பாத்தேன். அலசின தண்ணியெல்லாம் சாக்கடைக்குத்தான் போச்சு, முதல் 4 லிட்டரை மட்டும் அகலமான பிளாஸ்டிக் தொட்டியில ஊத்தி வெயில்ல வச்சேன். சென்னை மே மாச வெயிலுக்கே ஆறு நாள் ஆச்சு. கடைசியில நீல நிறத்துல, உப்பும் சோடாவும் சாயமும் கலந்த ஒரு கட்டி. அதைச் செடிக்குப் போட முடியாது, கறிக்கும் போட முடியாது. ஒரு டப்பாவுல அடைச்சு வச்சிருக்கேன். நிலையங்கள்ல இது மூட்டை மூட்டையா வரும். சூரியன் ஓசி, ஆனா அங்க காய்ச்சறதுக்கு கரண்டும் விறகும் வேணும்.

"அப்போ இயற்கைச் சாயம்?"னு கேப்பீங்க. கடுக்காய், மஞ்சட்டி, அவுரி எல்லாம் அருமையான விஷயம், கைத்தறிக்கு வாழட்டும். ஆனா மஞ்சள்ல போட்ட நிறம் நாலு வெயிலுக்குத் தாங்காது. ஊருக்கே டி-ஷர்ட் போட அத்தனை வேரும் இலையும் எங்க விளையறது? "கெமிக்கல் வேணாம், நேச்சுரல்"னு லேபிள் ஒட்டி மூணு மடங்கு விலைக்கு விக்கறதுல எனக்கு நம்பிக்கை இல்ல. சண்டை உப்போடயும் தண்ணியோடயும்தான்.

பட்டறைக்காரங்களுக்கு வக்காலத்து வாங்கல. ராத்திரியில திருட்டுத்தனமா திறந்துவிடறவனை உள்ளதான் போடணும். ஆனா யோக்கியமா காய்ச்சறவன் செலவையும் திறந்துவிடறவன் செலவையும் ஒரே விலையில கேக்கறது யாரு? 199 ரூபாய்க்கு டி-ஷர்ட் தேடற நாமதான். பருத்தி எத்தனை சதவீதம்னு லேபிள்ல போடறவன், சாயத் தண்ணி எங்க போச்சுன்னும் ஒரு வரி போடட்டும். அதுவரைக்கும் நம்ம கையில இருக்கறது நிறம். கருப்புக்கும் கருநீலத்துக்கும் லிட்டருக்கு 60 கிராமுக்குக் குறையாம உப்பு வேணும், சில சமயம் 80, 90 வரைக்கும் போகும். வெளிர் நிறத்துக்கு 20, 30 போதும், அலசறதும் குறைவு. பெரிய மெஷின்ல தண்ணி கம்மியா பிடிக்கறதால என் கணக்குல பாதிக்கும் கீழ வரும், ஆனா கருப்புக்கும் வெளிருக்கும் உள்ள வித்தியாசம் அங்கயும் அதேதான். அடுத்த தடவை ஆபீஸ்ல டீம் டி-ஷர்ட்டுக்கு ஓட்டெடுப்பு வந்தா நான் வெளிர் சாம்பலுக்குத்தான் கை தூக்கப் போறேன். காபி கொட்டினா கறை தெரியும்னு கூட வேலை பாக்கற நண்பர் இப்பவே சண்டைக்கு நிக்கறார்.

டிஸ்கி: சாயத் தண்ணியை மாடித் தோட்டத்துக்கு ஊத்தலாமான்னு யாரும் கேக்காதீங்க. அபார்ட்மென்ட்ல இருக்கறவங்க இன்னொண்ணும் கவனிங்க: கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டி உப்பை எடுக்காது. அந்தத் தண்ணியைத்தான் கீழ இருக்கற புல்வெளிக்கும் விடறாங்க.