மூத்தவன் எங்கே?

நம் கல்லூரி நூலகத்தில் மேலை நாட்டு ஓவியங்களைப் பற்றிய தடித்த நூல் ஒன்று உண்டு. அதில்தான் அந்தப் படத்தைக் கண்டேன். இத்தாலிய ஓவியர் பொம்பேயோ பத்தோனி 1773-இல் தீட்டிய ‘ஊதாரி மைந்தன் திரும்புதல்’. மூல ஓவியம் வியன்னா நகரத்துக் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் ஓவியம் பயின்றவன் அல்லன், வரலாற்று மாணவன். ஆயினும் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

வெண்தாடி வேந்தர்போல் ஒரு தந்தை. அவர் மார்பில், மேலாடை இன்றிச் சாய்ந்து நிற்கிறான் மகன். தம் விலையுயர்ந்த மேலங்கியாலேயே அவனைப் போர்த்துகிறார் அவர். பத்தோனி பொற்கொல்லரின் மகன். துணியின் மினுமினுப்பு அவர் கைக்கு எளிதாக வந்திருக்கிறது. அந்த ஆடைக்கு எதிரே அந்த வெற்றுத் தோளைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு இளகும். எனக்கும் இளகியது.

ஆனால் அந்த வீட்டில் மூத்தவன் ஒருவன் இருந்தானே!

லூக்கா நற்செய்தியில் வரும் கதை இது. (பத்தோனி பிறந்த ஊரின் பெயரும் லூக்கா என்பது தற்செயல்தான்.) இளையவன் பங்கைப் பிரித்து வாங்கித் தொலைத்துவிட்டு வருகிறான், கொழுத்த கன்று அடிக்கப்படுகிறது. வயலிலிருந்து திரும்பும் மூத்தவன் ஆடல் பாடல் கேட்டு வெளியிலேயே நின்றுவிடுகிறான். நண்பர்களோடு மகிழ எனக்கு ஓர் ஆட்டுக்குட்டியாவது தந்ததுண்டா என்று கேட்கிறான். தந்தை வெளியே வந்து அழைக்கிறார். அவன் உள்ளே போனானா? கதை சொல்லவில்லை.

எங்கள் வீட்டிலும் சின்ன அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் போய், நான்கு ஆண்டு கழித்து ஒரு மாலை வந்து நின்றார். அம்மா கட்டிக்கொண்டு அழுதாள். அன்று கோழி அடித்துக் கொடுத்தவர் பெரிய அண்ணன். அந்த நான்கு ஆண்டும் கடனைக் கட்டியவரும், எனக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்தியவரும் அவரே. அன்று அவர் முகம் எப்படி இருந்தது? எனக்குத் தெரியாது. நான் பார்க்கவே இல்லை.

இதை எங்கள் விரிவுரையாளர் ஒருவரிடம் சொன்னேன். “தழுவும் நேரத்தில் மூத்தவன் வயலில் இருந்தானப்பா, அவனை எப்படி வரைவது?” என்றார். நியாயம்தான். ஆனால் அந்த நேரத்தைத் தேர்ந்தவர் ஓவியர் அல்லவா? குவெர்ச்சீனோ என்ற இத்தாலியர் 1619-இல் இதே கதையைத் தீட்டினார். அதில் மூன்றாவது ஆள் உண்டு. ஆடை எடுத்து வரும் பணியாள். பணியாளுக்குக் கிடைத்த இடம் அண்ணனுக்குக் கிடைக்கவில்லை!

பத்தோனிக்கு அண்ணன் தம்பியரை வரையத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1769-இல் பேரரசர் இரண்டாம் ஜோசப்பும், டஸ்கனியை ஆண்ட அவருடைய தம்பி லியோபோல்டும் ரோமாபுரியில் சந்தித்தார்கள். இருவரையும் ஒரே திரையில் வரைந்தார் பத்தோனி. அண்ணன் தம்பியின் கையைப் பற்றியிருக்கிறார். பின்னால் புனித பேதுரு ஆலயத்தின் குவிமாடம் தெரிகிறது. அந்தப் படமும் அதே வியன்னா அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

அரசர் வீட்டு அண்ணனுக்கு அந்த இடம் கிடைத்தது. வயலிலிருந்து வந்தவனை நான்கு ஆண்டு கழித்து அதே தூரிகை மறந்துவிட்டது என்பதே என் வழக்கு.